நிக்கோமீடியாக்காரியின் கல்

– இல்லை, டொக்டர் வான்மதி, அந்த எழுத்து சி இல்லை. நான் சொல்லுறதை ஒருக்கால் கேளுங்கோ.

– நகுலேஸ்வரி அக்கா, இன்னும் அரை மணி நேரத்துல இதே கல்லு முன்னாடி நின்னு நான் பேசணும். நாப்பது பேரு வர்றாங்க. இப்பப் போயி எழுத்து தப்புங்கறீங்களே!

– அதுக்குத்தானே இப்ப சொல்லுறன். பேசி முடிஞ்சாப் பிறகு சொன்னா என்ன பிரியோசனம்?

– சரி, சொல்லுங்க. என்னா பாத்தீங்க?

– நாலு வருஷமா இந்த மியூசியத்தில காவல் நிக்கிறன். நாலு வருஷமும் இந்த ரோமன் ஹோலுக்குள்ளதான். வான்மதி, நீங்கள் வந்தா மேல்லைட்டைப் போட்டுக் கல்லைப் பாப்பியள், போவியள். நான் விடிஞ்சாப் பொழுதுபட்டா இந்தக் கல்லுக்காரியோடதான். நேற்றுப் பின்னேரம் ரெண்டரை இருக்கும், மழை விட்டு வெயில் எறிச்சுது. அந்த ஜன்னலுக்கால பக்கவாட்டில வந்து விழுந்தது பாருங்கோ, எழுத்தெல்லாம் எழும்பி நிண்டுது.

– பக்க வெளிச்சத்துல பழைய எழுத்து தெரியும், அது நிஜந்தான். ஆனா இந்தக் கல்லறைக் கல்லை நூறு வருஷத்துக்கு முன்னாடியே படிச்சு முடிச்சிட்டாங்கக்கா. நான் அவங்க எடுத்த போட்டோவை வச்சுத்தான் வேலை பார்த்தேன்.

– கல் இஞ்ச கிடக்க, நீங்கள் போட்டோவைப் பாத்தனீங்களோ?

– அடிக்காதீங்கக்கா.

– நீங்கள் எழுதின போர்டு எனக்குப் பாடம். “ஔரேலியா சோசிமே. நிக்கோமீடியா என்ற கிரேக்க நகரத்தவள். கடல் கடந்து லண்டன் வந்த மனைவி. வயது தேய்ந்து அழிந்துள்ளது. துயரம் தாளாத கணவன் எழுப்பிய கல்.” சனம் வாசிச்சுப்போட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டெல்லோ போகுது.

– கடைசி வரியில எஃப் மட்டும் தெளிவா இருக்கு. லத்தீன் சுருக்கத்துல எஃப்னா, செஞ்சது. அதுக்கு முந்தின எழுத்து உடைஞ்சிருக்கு. அங்க சி வச்சா, கணவர் செஞ்சதுன்னு ஆகும். எல்லாரும் சி-தான் வச்சாங்க.

– வைக்கிறதோ? அப்ப ஒருத்தரும் கண்ணால காணேல்லையோ?

– யாரும் பாக்கலக்கா.

– நான் மேல்லைட்டை நூர்க்கிறன், இருட்டினாத்தான் எழுத்துத் தெரியும். சுவிட்ச் இந்தத் தூணுக்குப் பின்னால. உங்கட போன் டோர்ச்சை எடுங்கோ. மேலால பிடிக்காதையுங்கோ! கல்லோட ஒட்டி, பக்கத்தால… ஓம், அப்பிடி.

– ஐயோ.

– தெரியுதோ?

– ரெண்டு சாஞ்ச கோடு. கீழ வந்து சேருது. அக்கா, இது வி-தான்லா!

– வி எண்டா என்ன?

– இருங்க, இருங்க. வயசு வரியையும் பார்த்துடுவோம். “வாழ்ந்தாள்”… “ஆண்டுகள்”… அதுக்கப்புறம் எண் தேஞ்சுபோச்சுன்னு நான்தான் எழுதினேன்.

– தேஞ்ச இடம் சொரசொரப்பாயெல்லோ இருக்கும்? இது தகடு மாதிரிக் கிடக்கு. கீழால ஒரு மெல்லிய கீறல் மட்டும் போகுது.

– அது கல்தச்சர் போட்ட கோடு. எழுத்து நேரா வர்றதுக்காக முதல்ல கோடு கிழிச்சுக்குவாங்க. கோடு இருக்கு, எண் இல்ல. தேயலக்கா. வெட்டவே இல்ல!

– ஏன் வெட்டாமல் விட்டவை? மறந்து போட்டினமோ?

– மறக்கல. அப்ப யாருக்கும் தெரியாது. வி எஃப்னா, உயிரோட இருக்கறப்பவே செஞ்சுகிட்டதுன்னு அர்த்தம். ரோமர் காலத்துல நெறைய பேரு தனக்குத் தானே கல் வச்சுக்குவாங்க. வயசுக்கு இடம் விட்டிருப்பாங்க. செத்த பிறகு யாராச்சும் வந்து எண்ணை வெட்டணும்.

– அப்ப அந்த மனிசன்?

– கல்லுல அப்படி ஒரு ஆளே இல்ல. நாங்க கட்டி வச்ச மாப்பிள்ளை. நூறு வருஷமா அந்த ஆளை அழ வச்சுக்கிட்டு இருக்கோம்.

– சிரிக்காதையுங்கோ பிள்ளை, எனக்கும் சிரிப்பு வருகுது.

– சிரிக்கிறேனா அழறேனான்னு எனக்கே தெரியல. என் புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ஒரு அத்தியாயம் முழுக்க அந்தக் கணவரோட துக்கம். முப்பத்திரெண்டு பக்கம்!

– கடவுளே. எனக்கு அது தெரியாது. இஞ்ச பாருங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். லைட்டைப் போடட்டோ?

– எங்கம்மா அங்க ஊர்ல, ஈப்போவுல சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் சொல்லி வச்சிருக்காங்க, மக புத்தகம் வருதுன்னு.

– விளங்குது. உங்கட விருப்பம். ஆனால் பாருங்கோ, ஆரும் செய்வினமெண்டு பாத்துக்கொண்டிராமல் அந்தப் பெட்டை தானே நிண்டு செய்விச்ச கல்லு. இல்லாத மனிசன்ர பேரில கிடக்குது.

– லைட்டைப் போடாதீங்க.

– என்ன?

– இப்படியே இருக்கட்டும். வர்றவங்க எல்லாரும் போனை எடுத்துப் பக்கத்துல பிடிச்சுப் பார்க்கட்டும். பதிப்பகத்துக்கு இப்பவே போன் பண்ணி அச்சை நிறுத்தச் சொல்றேன். நீங்க என் பக்கத்துல நிக்கிறீங்க.

– ஐயையோ, யூனிபோமோடயோ? எனக்கு டியூட்டி!

– உங்க டியூட்டியே இந்தக் கல்லுதானே? எழுத்தைக் கண்டது நகுலேஸ்வரின்னு சொல்லப் போறேன். புத்தகத்துலயும் போடுவேன்.

– அப்பிடியெண்டா முழுப் பேரையும் போடுங்கோ. நகுலேஸ்வரி கணேசலிங்கம். மோர்டன் வீட்டில ஒருத்தர் இருக்கிறார், எழுத்தில காட்டாட்டி நம்பார்.

– வீட்டுக்காரரா? அவருக்கு ஒரு பிரதி நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வாங்க, படியில சத்தம் கேக்குது.

– பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ? இவ செத்தாப் பிறகு ஏன் ஒருத்தரும் வந்து வயசை வெட்டேல்லை?

– அதைத்தான் நானும் யோசிக்கிறேன். இந்த ஊருலயே இருந்து செத்திருந்தா யாராச்சும் வெட்டியிருப்பாங்க. கல்லை வச்சிட்டு வேற எங்கயோ கிளம்பிட்டாங்க போல.

– அப்ப இந்தக் கல்லுக்குக் கீழ?

– யாருமே இருந்திருக்க மாட்டாங்க.

– நாலு வருஷமாச் செத்தவீட்டில காவல் நிக்கிறன் எண்டெல்லோ நினைச்சன். ஆள் வீட்டிலயே இல்லை!