பேர் சொல்லிக் கூப்பிடும் கோர்ட்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவரின் மடியில் ஒரு பழைய வழக்குக் கட்டு.

“நம்ம வூட்டு கேஸை ஹைகோர்ட்டு மறுபடியும் கீழ் கோர்ட்டுக்கே அனுப்சது நல்லதாப் போச்சு” என்றார் அவர்.

“இன்னா அண்ணி சொல்றே? இன்னும் எத்தினி வருசம் இழுக்குமோன்னு நான் கெடந்து அடிச்சுக்கறேன்.”

“மேல நம்பரைத்தான் கூப்புடுவாங்க. கீழதான் டவாலி வாசல்ல நின்னுக்கினு உங்கண்ணன் பேரை மூணு தபா கத்துவாரு. ஏழுமலை, ஏழுமலை, ஏழுமலைன்னு.”

சேப்பாக்கம் தாண்டியதும் இளையவர் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணன் செத்துப் பூட்டாருன்னு வக்கீலாண்ட நீ இன்னும் சொல்லலியா?”

“சொன்னா அவரு பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதிடுவாங்களே.”

“மூணு மாசத்துக்குள்ள வாரிசு பேரைச் சேக்கலன்னா கேஸே வுழுந்துடும் அண்ணி. இருக்கறது அந்த ஒரு வூடு. அதுவும் பூட்டா புள்ளைங்கள எங்க படுக்க வெப்பே?”

கோட்டை நிலையம் வந்தது. மூத்தவர் கட்டை இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

“இன்னிக்கே சொல்லிடறேன். மொதல்ல அவரை மூணு தபா கூப்ட்டு முடிக்கட்டும்.”