பத்து மணிக்குத் தரை காஞ்சிருக்கும்

— பத்து மணிக்குத் தரை காஞ்சிருக்கும்னு சொன்னது யாரு, சித்தப்பா?

— நான்தான்.

— மாதா கோயிலுக்குள்ள எறும்பு வரிசை கட்டிப் போகும்னு சொன்னது?

— அதுவும் நான்தான். இந்நேரம் அதுங்கல்லாம் நீச்சல் கத்துக்கிட்டிருக்கும். அந்த வெள்ளைப் பாவாடையை மடியில சுருட்டி வெச்சுக்க, லிகாயா. அடியில தண்ணி ஊறுது.

— கல்யாணப் பொண்ணை ஓட்டைப் படகுல கூட்டிட்டுப் போற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

— ஓட்டைப் படகு இல்ல, கசியற படகு. ஓட்டைன்னா முழுகிரும். கசிஞ்சா குவளையில மொண்டு ஊத்தலாம். உன் காலுகிட்ட இருக்கு பாரு, எடுத்து ஊத்து.

— தலையில பூ, கையில குவளை. நல்லா இருக்கு. ஊருக்கே அலை பாத்துச் சொல்ற ஆளு நீங்க. மீன் குளத்து மடையை எப்பத் திறக்கணும், எப்ப அடைக்கணும்னு முதலாளியே உங்க வாயைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் மாசத்தையே மாத்திப் பாத்துட்டீங்க.

— அடுத்தவன் மீனுன்னா கண்ணு நல்லாத் தெரியுது. நம்ம வீட்டுக் காரியம்னா அவிஞ்சு போயிருது. ஐஸ் கம்பெனி காலண்டர்ல ஆகஸ்டைப் பாக்க வேண்டியவன் அக்டோபரைப் பாத்திருக்கேன். மேல கொட்டை எழுத்துல மாசப் பேரு இருக்குமே, நிமிந்து பாத்தேனா? இல்ல. கீழ பொடி எழுத்துல இருக்கிற அலை நேரத்தை மட்டும் மூக்கை ஒட்ட வெச்சுப் படிச்சேன். இருந்த ஒரு கண்ணாடியும் குளத்துல விழுந்து போச்சு. எந்த இறால் அதை மாட்டிக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்குதோ.

— தப்புன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?

— போன வாரம் மடையில நின்னு அண்ணாந்து பாக்கறேன், சந்திரன் வீங்கிக்கிட்டே போகுது. கல்யாணத்தன்னைக்குப் பௌர்ணமி. நட்டநடுப் பகல்ல கடல் ஊருக்குள்ள ஏறும்னு அப்பத்தான் உறைச்சுது. அதுக்குள்ள பத்திரிகை குடுத்தாச்சு, சுடறதுக்குப் பன்னி சொல்லியாச்சு. பாதிரியாருக்கும் வேற நாள் இல்ல. உங்கம்மாகிட்ட வந்து சொன்னேன். லூமிங் கையில இருந்த கரண்டியை டங்குன்னு கீழ வெச்சா. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

— பத்தாததுக்கு அணையையும் திறந்துவிட்டுட்டாங்க.

— அணை திறந்தது அரசாங்கம். அந்தப் பழியை என் தலையில கட்டாத. என் பழி முழங்கால் வரைக்கும்தான். அங்கேருந்து இடுப்பு வரைக்கும் அவங்க பங்கு.

— அதோ சியோங் அக்கா வர்றாங்க. மிதவையில சோத்துப் பானையை வெச்சுத் தள்ளிக்கிட்டு.

— ஐயோ, கழியை வேகமா ஊன்றறேன், நீ குனிஞ்சுக்க.

— ஏ கோர்யோ, எங்க போச்சு உன் எறும்பு?

— உங்க பானைக்குள்ளதான் ஏறியிருக்கும் அக்கா, மூடியைத் திறந்து பாருங்க.

— ஊரே நனைஞ்சு கிடக்கு, உன் நாக்கு மட்டும் காஞ்சு நிக்குது. லிகாயா, பொண்ணு, நீ ஒண்ணும் மனசு விடாத. எல்லாரும் செருப்பைப் பையில போட்டுக்கிட்டு வந்தாச்சு. பாட்டுக்காரங்க பெஞ்சு மேல ஏறி நின்னு பாடிப் பாக்கறாங்க. நம்ம ஊர்த் தலைவரு வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவங்களுக்கெல்லாம் தன் மூஞ்சி ஒட்டின மீன் டப்பாவைக் குடுக்கறாரு. கல்யாணத்துக்கு வந்திருக்கானா, வெள்ளத்துல தவிச்சு வந்திருக்கானான்னு பாக்கறதே இல்ல. உன் மாப்பிள்ளை கையில ரெண்டு டப்பா.

— டாண்டோய் வந்துட்டானா அக்கா?

— விடியறதுக்கு முந்தியே வந்து தண்ணியில ஊறிக்கிட்டிருக்கான். சீக்கிரம் போ. உன் சித்தப்பனை மட்டும் போட்டோவுல சேக்காத, சொல்லிட்டேன்.

— சரி அக்கா.

— அவங்க சொல்றதும் நியாயம்தான். போட்டோவுல நான் எதுக்கு? பூசை நேரத்துல கடைசிப் பெஞ்சுல ஏறி உக்காந்துக்கறேன். சட்டை இந்தப் பையில இருக்கு, அப்ப மாட்டிக்குவேன். லிகாயா, ஒண்ணு கேக்கட்டுமா?

— தண்ணியப் பாத்துத் தள்ளுங்க.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பீடம் வரைக்கும் ஒரு பக்கம் உங்கம்மா கையைப் பிடிச்சு நடப்பா. இன்னொரு பக்கம் உங்கப்பான்னு முடிவு பண்ணியிருக்கு. அவரு சொன்னாரு, உங்கம்மா சொன்னா, நானும் சொன்னேன். நீ வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையே. உன் மனசுல யாரு?

— கம்பம் வருது. இடப்பக்கம் ஒதுக்குங்க.

— ஒதுக்கியாச்சு. கேட்டதுக்குப் பதில்?

— இந்தத் தெருவுல உங்ககூட மிதக்கறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. அப்பல்லாம் இந்தக் கசியற படகு கூடக் கிடையாது. செத்துப்போன ஃபிரிட்ஜோட கதவைக் கழட்டி மல்லாக்கப் போட்டு, அதுக்குள்ள என்னை உக்கார வெச்சு, நெஞ்சளவுத் தண்ணியில பள்ளிக்கூடம் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனீங்க.

— சீருடை ஒரு நாளாவது நனைஞ்சுச்சா?

— நனையல. வகுப்பே என்னை ஐஸ் மீனுன்னு கூப்பிட்டுச்சு. படிச்சு முடிக்கிற வரைக்கும் அதான் என் பேரு. டாண்டோய் இன்னைக்கும் கோபம் வந்தா அப்படித்தான் கூப்பிடறான்.

— முட்டை வெக்கிற தட்டுல உன் பென்சிலை அடுக்கித் தந்தேனே, அதை ஒருத்தரும் சொல்ல மாட்டீங்க.

— வீட்டையாவது விட்டு வெச்சீங்களா? வருஷா வருஷம் மண்ணையும் இடிஞ்ச செங்கல்லையும் கொட்டித் தரையை ஏத்தி ஏத்தி, இப்ப சன்னல் வழியாத்தான் வீட்டுக்குள்ள போறோம். லைட்டு சுவிட்சைக் கால் கட்டைவிரலால தட்டறோம். என் வீட்டுல நான் நிமிந்து நின்னு தலை வாரினதே இல்ல. சம்பந்தம் பேச வந்தப்ப டாண்டோயோட அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? பொண்ணுக்குக் கூன் இருக்கான்னு.

— நீ படுக்கிற மூலையை மட்டும்தான் முதல்ல ஏத்தினேன், ராத்திரி தண்ணி வந்தா உன் பாய் நனையக் கூடாதுன்னு. அப்புறம் அது மேடு, மத்தது பள்ளம்னு உங்கம்மா தடுக்கித் தடுக்கி விழுந்தா. சரின்னு எல்லாத்தையும் ஏத்திட்டேன். நீ உங்கப்பா மாதிரி பனைமரமா வளருவேன்னு நான் என்னத்தைக் கண்டேன்? கீழேருந்து நான் ஏத்தறேன், நீ மேல ஏறிக்கிட்டே போறே. நடுவுல கூரை பாவம் என்ன செய்யும்?

— அந்தக் கூரைதான் அவரு நெத்தியப் பதம் பாத்துச்சே.

— அதை ஞாபகப்படுத்தாத, சிரிச்சா கழி கை நழுவிரும். புது ஷூவைப் போட்டுக்கிட்டு, தண்ணியே ஏறாத பகியோ மலையிலேருந்து கார்ல வந்து இறங்கறாரு பெரிய மனுஷன். சன்னல்ல நுழையறப்ப கூரைக் கட்டையில மடார்னு ஒரு இடி. ஏன் இவ்வளவு தாழ்வாக் கட்டியிருக்கீங்கன்னு என்கிட்டக் கேக்கறாரு. நாங்க தாழ்வாக் கட்டலீங்க, தரைதான் எந்திரிச்சு வந்துருச்சுன்னேன். புரியல. வீங்கின இடத்துல வெக்க ஐஸ் இருக்கான்னாரு. இருந்த ஃபிரிட்ஜு உங்க பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விடப் போயிருச்சுன்னேன். அதுவும் புரியல.

— புரிஞ்சுக்க இங்க இருந்திருக்கணும். வீட்டுக்குள்ள முதல் தடவை தண்ணி வந்தப்பவே, காஞ்ச ஊரு ஒண்ணு பாத்து வெச்சுட்டு உங்களைக் கூப்பிட்டுக்கறேன்னு போனவரு. காஞ்ச ஊரு கிடைச்சிருச்சு. கூப்பிடறதுதான் மறந்து போச்சு.

— பெத்தவரை அப்படிப் பேசாத.

— நீங்க மட்டும் பேசலாமா?

— நான் பொறாமையில பேசறேன், அதுக்கு மரியாதை இல்ல. நீ சொன்னா உண்மையாயிரும்.

— உங்களுக்கு என்ன பொறாமை?

— நான் யாரு? அவரு போனதுக்கு அடுத்த வருஷம் ஒரு வண்டி மண்ணு கொட்ட வந்த கூலியாளு. கொட்டின மண்ணு மேல நீ ஏறி உக்காந்துக்கிட்டே. இறங்க மாட்டேன்னுட்டே. பிள்ளையைத் தள்ளிவிட்டுட்டு மண்ணைப் பரப்ப முடியுமா? நீ இறங்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன், அப்படியே உங்கம்மாகூடக் குடும்பமும் ஆயிருச்சு. இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன் ஃபோனு அடிக்குது பாரு.

— அவருதான். எழுதியிருக்காரு. பெரிய பாலத்துல கார்ல உக்காந்திருக்காராம். அதுக்கு இந்தப் பக்கம் ரோட்டையே காணோமாம். தண்ணி எப்ப வடியும்னு கேக்கறாரு.

— மூணு மணிக்கு. இந்தத் தடவை சந்திரனையும் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

— பூசை பத்துக்கு.

— படகு ஒண்ணு பிடிச்சுக்கிட்டு வரச் சொல்லு.

— நேத்தே சொன்னேன். படகு ஆடுமேன்னு எழுதறாரு. ஷூ வேற நனைஞ்சு போகுமாம்.

— சரி, நீ கவலைப்படாத. கோயில் வாசல்ல உன்னை இறக்கிவிட்டுட்டு அப்படியே பாலத்துக்குப் போயிட்டு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் பாதிரியாரைப் பேசவிடு. பேசச் சொன்னா அவரு நிறுத்த மாட்டாரு. ஷூவை என் தலையில வெச்சுக்கறேன். படகு ஆடுதுன்னா ஆளையே முதுகுல தூக்கிட்டு வந்து, பொட்டுத் தண்ணி படாம உன் பக்கத்துல நிறுத்திடறேன்.

— உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?

— தப்பு பண்ணினது நான். மாசத்தை ஒழுங்காப் பாத்திருந்தா, அந்த மனுஷன் இன்னைக்குக் காஞ்ச தரையில உன் கையைப் பிடிச்சு நடந்திருப்பாரு. வாழ்க்கையில ஒரே தடவை நடக்கிற நடை. அதையும் நான் தண்ணியில விட்டுட்டேன்னு இருக்கக் கூடாது.

— அவரு ஃபோன்ல கேட்டப்ப, அதுக்கென்ன, நீங்கதானே அப்பா, நீங்களே நடங்கன்னு பட்டுன்னு சொன்னது யாரு?

— நான்தான்.

— என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— கேக்கப் பயந்துட்டேன்.

— நான் என்ன சொல்லிருவேன்னு பயம்? அவருதான்னு சொல்லிருவேன்னா, நீங்கதான்னு சொல்லிருவேன்னா?

— ரெண்டுக்கும்தான். வாசல் வந்துருச்சு. டாண்டோய் கை காட்டறான் பாரு, டப்பாவோட. மெதுவா இறங்கு, படி மூணாவதுதான் வெளிய தெரியுது. நான் படகைத் திருப்பறேன்.

— திருப்பாதீங்க.

— பிடிவாதம் பண்ணாத, பிள்ளை. ஊரே என்னைத் திட்டுது. இந்த ஒரு தப்பையாவது நான் சரி பண்ணிக்கறேன்.

— சித்தப்பா, அன்னைக்குக் கண்ணாடி இல்லாம காலண்டர் முன்னாடி நின்னுக்கிட்டு, ஆகஸ்டு தாளைத் திருப்பி வையின்னு யாருகிட்டச் சொன்னீங்க?

— உன்கிட்டத்தான்.

— ஆகஸ்டுல அந்த நாளுக்குப் பத்து மணிக்கே கடல் ஏறும்னு போட்டிருந்ததை நான் படிச்சேன், படிச்சுட்டுத்தான் அக்டோபரைத் திருப்பி வெச்சேன். தரை காஞ்சிருந்தா அவரு வந்து நின்னுருப்பாரு, நீங்க கடைசிப் பெஞ்சுக்குப் போயிருப்பீங்க. பையில இருக்கிற சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு இறங்கி வாங்க, எனக்குத் தண்ணியில நடக்க உங்ககூட மட்டும்தான் பழக்கம்.