ஓரிக்கைப் புடலங்காய்

"ஹலோ... ஹலோ... ஆமா, வக்கீல் சக்ரவர்த்தி அய்யங்கார் வூடுதான்... குமாஸ்தா வீரபத்திரன் பேசறேன்... மெதுவா, மெதுவா பேசுங்க... அட, மண்டி பாயா! அப்துல் ரஹ்மான் பாய்! இன்னா பாய், காலங்காத்தால மண்டியில பாத்தோம், அதுக்குள்ள டெலிபோனா?... இல்ல பாய், அய்யாவ கூப்புட முடியாது. அவங்க அப்பாருக்கு இன்னிக்கி திவசம். சாமிங்க ரெண்டு பேரு வந்து, இப்பத்தான் எல போட்டாங்க. நடுக்கதவ உள்தாப்பா போட்டாச்சி... சாயங்காலமா கூப்புடுங்க பாய்..."

வீரபத்திரன் குரலைத்தான் தாழ்த்தினான், சிரிப்பைத் தாழ்த்தவில்லை. சட்டப் புத்தகங்களும் சுவரில் டெலிபோனும் இருக்கும் இந்த முன்னறைதான் அவன் ராஜ்யம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எத்தனை வருஷம் உழைத்தாலும் நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் அவனுக்குக் கிடையாது. திவசத்தன்றோ அந்தக் கதவைத் தட்டக்கூட ஆகாது. ஆனால் அந்தத் திவசத்துக்குக் காய் பொறுக்குவது மட்டும் அவன்தான். அதில் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"காயா? உங்க கண்ணு முன்னாடிதானே பொறுக்கினேன், மறந்துட்டீங்களா? மொந்தன் வாழக்கா. கொத்தவரங்காய ஒண்ணொண்ணா ஒடிச்சிப் பாத்தேன், நாரே இல்ல. பாகக்கா சின்னதா, முள்ளு ஒடையாம. மாம்பழம் முசரவாக்கத்துத் தோப்புது... காம்புகிட்ட மோந்தா போதும் பாய், வாயெல்லாம் ஊறுது. ஆனி மாசத்துல நம்ம மண்ணுல வெளயறது இவ்ளோ இருக்கசொல்ல, எங்கியோ மலையில இருந்து வர்ற முட்டகோச வாங்கறான் பாருங்க, அவன இன்னான்னு சொல்றது... ஆங்? புடலங்காயா?"

கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அதான் பாய் இன்னிக்கி ராஜா! ஓரிக்கை கிராமத்துல இருந்து வந்த கூடை. மேல கெடந்தத எவன் எடுப்பான், அடியில கைய வுட்டு எடுத்தேன். நுனியில கல்லு கட்டித் தொங்கவுட்டு வளத்த காயி, சும்மா கோடு போட்ட மாதிரி நேரா இருக்குது. நகத்த வெச்சா சதக்குனு உள்ள போவுது, அவ்ளோ பிஞ்சி... ஆமா, தோட்டக்காரி தையல்நாயகி கொண்டாந்ததுதான்... ஆமா... ஆமான்றேனே, ஏன் தபா தபா அதியே கேக்கறீங்க? கொற எதுனா சொல்றீங்களா? இருங்க, சம்பத்குமாராச்சாரி சாமி வெளிய வரட்டும், அவரு சொல்லுவாரு என் காயப் பத்தி..."

அவர் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பாடும். திவச இலையில் உட்கார்கிற பெரியவர் அவர். உள்ளே இருக்கும்வரை சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடமாட்டார். எழுந்து கைகழுவி முன்னறைக்கு வந்து, வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "இந்த வருஷம் கொத்தவரங்காய் அபாரம்டா, வீரபத்திரா" என்பார். அதை அவன் அடுத்த வருஷம்வரை தெருத்தெருவாகச் சொல்லித் திரிவான்.

"...யாருக்கு?... தையல்நாயகி மாமனாருக்கா? இன்னா ஆச்சி?... வாந்தியா?... ரத்தமா போவுதா? அய்யோ பாவம், காலரா எதுனா... இல்லியா?... புடலங்காயா? போங்க பாய்! புடலங்கா கூட்டு தின்னு எவனுக்கு அப்டி ஆவும்?... வேலியில? பேய்ப்புடலா?... தெரியும், தெரியும், காட்டுக்கொடி... ஆமா, கசப்பு விஷம்... அதோட பூவு இதுல கலந்து... அந்த வெதையவே எடுத்து நட்டுட்டாளா... மத்தவங்க வாயில வெச்சதும் துப்பிட்டாங்க... கெழவன் மட்டும், சோத்த வீணாக்கக் கூடாதுன்னு..."

வீரபத்திரன் மெதுவாகத் திரும்பி நடுக்கதவைப் பார்த்தான். உள்ளே கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"...இல்ல பாய். நாக்குல வெச்சிப் பாக்கல... எப்பவும் பாப்பேன். எங்க வூட்டுக்கு வாங்கினா நுனிய ஒடிச்சி நாக்குல தொட்டுட்டுத்தான் பையில போடுவேன், உங்களுக்கே தெரியும். இது திவசக் காயி. நான் தொட்டுப் பாத்தா கூடையே எச்சிலாயிடும்... அய்யா வூட்டம்மா அம்ருதவல்லியம்மா எப்டி பாப்பாங்க? சமைக்கறவங்க மோந்துகூடப் பாக்கக் கூடாது. மொதல்ல சாமிங்க வாயிலதான் படணும்... இன்னா, துப்பிடுவாங்களா? துப்ப மாட்டாங்க பாய்! உங்களுக்குத் தெரியாது. திவச எலயில உக்காந்தவங்க உப்பு இல்லன்னும் சொல்லக் கூடாது, கசக்குதுன்னும் சொல்லக் கூடாது. மொகத்தகூட சுளிக்கக் கூடாது. வாயத் தொறக்காம போட்டதச் சாப்புடணும்... அதுவும் பக்கத்துலயே பாகக்கா இருக்குது. கசப்பு எதுல இருந்து வருதுன்னு யாரு கண்டாங்க?"

சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே உறைத்தது. கதவைத் தட்டினால்? ஒன்றும் இல்லாததற்குத் தட்டியதாக முடிந்தால் திவசம் கெட்டுப்போகும். வக்கீல் பட்டினி கிடந்து மறுபடி செய்யவேண்டும். அப்புறம் இந்த முன்னறைக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருக்காது. அந்தப் பயம் ஒரு பக்கம். ஆனால் அவனைக் கட்டிப்போட்டது அது மட்டுமா? தான் பொறுக்கிய காய் கசக்கும் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. அதுதான் நிஜம்.

"...கத்தாதீங்க பாய். யோசிக்கறேன்... எல்லாக் காயும் ஒரே கொடியில காச்சிருக்காது, நாலஞ்சி கொடி இருக்கும்... நான் எடுத்தது நல்ல கொடியில... பாத்தா தெரியாதா எனக்கு? இத்தினி வருஷமா... சரி, சரி, சும்மா இருங்க. இருங்க பாய். ஒண்ணு எங்கிட்டயே இருக்குது."

மேஜைக்கு அடியில் அவன் துணிப்பை இருந்தது. வருஷா வருஷம் அதே கூடையில் தன் வீட்டுக்கும் ஒன்று எடுத்துக்கொள்வான். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு காலால் பையை இழுத்தான். காய் அழகாகத்தான் இருந்தது. நுனியை ஒடித்து வாயில் போட்டுக் கடித்தான்.

"...தூ!... தூ! தூ!... பாய்... அய்யோ... பாய், எட்டிக்காயி பாய் இது... தொண்டையெல்லாம்... தூ... கெழவனுக்கு இப்ப எப்டி இருக்குது?... போயிட்டானா? எப்போ?... கூப்புடும்போதே தெரியுமா உங்களுக்கு? அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா... சரி, வெக்காதீங்க. லைன்லியே இருங்க!"

ரிசீவர் கயிற்றோடு தொங்கிச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. மண்டியில் காதை ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு இவன் குரல் தூரத்தில் கேட்டிருக்கும்.

"அய்யா! அய்யா, கதவத் தொறங்க!... புடலங்காயப் போடாதீங்க! அம்மா! அம்மா, அது விஷம்மா!"

உள்ளே மந்திரம் மட்டும் கொஞ்சம் உரக்க வந்தது. திவச நேரத்தில் வெளிக்குரலுக்குக் காது கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்குப் பழக்கம். வீரபத்திரன் தோளால் ஒரு மோது மோதினான். இன்னொரு மோதில் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. அதே நொடியில் வக்கீல் கைகூப்பி, திருப்தியா என்று வழக்கப்படி கேட்க, திருப்தி என்று இரண்டு பேரும் நிறைந்த குரலில் சொன்னார்கள். பிறகு ஒரு வெண்கலப் பாத்திரம் உருண்டது.

"...ஹலோ... பாய், இருக்கீங்களா?... மூச்சு வாங்குது... முடிஞ்சிடுச்சி பாய். சாப்ட்டு முடிச்சிட்டாங்க. நான் இங்க நின்னுக்கினு கொத்தவரங்கா, மாம்பழம்னு பீத்திக்கினு இருந்தேனே, அப்பல்லாம் அவங்க தின்னுக்கினு இருந்தாங்க... இல்ல, அய்யாவும் அம்மாவும் இன்னும் உக்காரல. சாமிங்களுக்கு அப்புறந்தானே இவங்க. கூட்டு இருந்த பாத்திரத்த கவுத்துட்டேன்... ஆமா, உள்ள போயிட்டேன். தொட்டுட்டேன்... அய்யா ஈர வேட்டியோட நின்னு என்னியே பாக்கறாரு. அம்மாதான் வாயப் பொத்திக்கினு... எலயப் பாத்தேன் பாய். ரெண்டு எலயும் வழிச்சி வெச்சிருக்குது. ஒரு துண்டு இல்ல... கேட்டேன், கேக்காம இருப்பேனா? ஒருத்தரு கண்ண மூடிக்கினு உக்காந்திருக்காரு... இருங்க பாய், சம்பத்குமாராச்சாரி சாமி இங்க வர்றாரு...

"சாமி, உண்மயச் சொல்லுங்க, புடலங்கா கசந்துச்சா?... திவசமெல்லாம் முடிஞ்சி போச்சி சாமி, இப்பச் சொல்லலாம்... கையெடுத்துக் கும்புடறேன் சாமி, கசந்துச்சா இல்லியா?... பாய், சிரிக்கறாரு. வருஷா வருஷம் சொல்ற மாதிரியே சொல்றாரு பாய்... நல்ல பிஞ்சிக் காயாம். என் கைராசியாம்... வீரபத்திரன் பொறுக்கினதாச்சேன்னு, கைய நீட்டி ரெண்டாவது தபாவும் வாங்கிக்கினாராம்...

"சாமி?... இன்னா சாமி, ஏன் செவுத்தப் புடிக்கறீங்க?... பாய், அவருக்கு வேத்து ஊத்துது. வெத்தல கீழ வுழுந்துடுச்சி... உக்காருங்க சாமி, இந்த நாற்காலியில, பரவால்ல, உக்காருங்க... தண்ணியா? தரேன், தரேன்... அம்மா! இங்க ஓடியாங்கம்மா!... பாய், வைங்க. லைன வுடுங்க, நான் ஆஸ்பத்திரிக்குப் பேசணும்... இல்ல, எதுவும் சொல்லாதீங்க, அப்புறம் கேட்டுக்கறேன்... வைங்க பாய்! வைங்கன்றேன் இல்ல!"