துரை தலையசைக்காத பாட்டில்

இரவு எட்டரை மணி. புதுச்சத்திரம் தாண்டிய சாலை. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு... எதிரில் ஒரு வண்டி இல்லை. கதை கேட்கிறவர்கள் அறை விளக்கைக் குறைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது யாரோ எவருக்கோ நடந்ததல்ல. நம்ம தேவசகாயத்தின் தாய்மாமா லூர்துசாமிக்கு நடந்தது. வருஷம் அறுபத்து நாலு.

காரை ஓட்டியவர் கடலூர் மஞ்சக்குப்பம் வக்கீல் ஞானசேகரன். பின் சீட்டில் லூர்துசாமி. அவர் மடியில், பச்சைக் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி, படுக்கை வாக்கில் ஒரு பாட்டில். பிரான்ஸ் தேசத்துச் சிவப்பு ஒயின்.

லூர்துசாமி பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு ஜட்ஜ் துரையிடம் முப்பத்தொரு வருஷம் பட்லராக இருந்தவர். துரைக்கு ஒயின் சேர்ப்பதுதான் உயிர். வீட்டுக்கு அடியில் இருட்டறையில் பாட்டில்களைப் படுக்க வைத்துவிட்டு இருபது வருஷம், முப்பது வருஷம் காத்திருப்பார். திறக்கும்போது ஒரு சட்டம் உண்டு. முதலில் துரையின் கிளாஸில் ஒரு விரல் அளவு. மூன்று தரம் மூக்கை உறிஞ்சுவார்... ஹ்ம். ஹ்ம். ஹ்ம். ஒரு வாய் வைப்பார். நல்லதென்றால் தலையசைப்பு. கெட்டதென்றால் துப்பிவிடுவார். அவர் தலையசைக்கும் வரை கவர்னரே உட்கார்ந்திருந்தாலும் கிளாஸ் காலிதான்.

ஊற்றுகிற லூர்துசாமிக்கு? ஒரு சொட்டு கிடையாது. திறந்த பாட்டிலின் கழுத்தை முகர்ந்து முகர்ந்தே அத்தனையும் கற்றுக்கொண்டார். துரை முகம் சுளிப்பதற்கு முன்பே இவர் மூக்கு சொல்லிவிடும்.

துரை செத்தார். சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஞானசேகரன் பன்னிரண்டு பாட்டில்களை எடுத்தார், கூடவே லூர்துசாமியையும் வேலைக்கு எடுத்தார். இந்தப் பக்கம் மதுவிலக்கு. ஆனால் வக்கீலிடம் பர்மிட் இருந்தது. இவர் குடிக்காவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததன் பேரில் சர்க்கார் தந்த காகிதம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பி.எல். பட்டத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்.

பாட்டில்கள் வந்து இறங்கிய அன்று வக்கீல் கோர்ட்டில் இருந்தார். லூர்துசாமி மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர இன்னும் நாலு நாள் இருந்தது. பெட்டியைத் திறந்தவள் வக்கீலின் மனைவி தில்லையம்மாள். முப்பது வருஷத் தூசி, சிலந்திக்கூடு. இந்த அழுக்கு வீட்டுக்குள் வரலாமா? புளியும் சாம்பலும் போட்டுப் பன்னிரண்டையும் பளபளவென்று தேய்த்து, மொட்டை மாடியில் வரிசையாக நிற்க வைத்துக் காய வைத்தாள். கத்திரி வெயில். நாலு நாள். லேபிள் ஒன்றுகூட மிச்சமில்லை. வந்து சேர்ந்த லூர்துசாமி ஒரு கார்க்கை முகர்ந்து பார்த்தார். அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் கலங்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் புது லேபிள் அடிக்கச் சொன்னார். 1929 என்று கொட்டை எழுத்தில். அச்சகக்காரர் வழக்கத்தை விடாமல் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்.

அந்த ராத்திரி சிதம்பரத்தில் மிராசுதார் சுப்பிரமணியன் வீட்டில் விருந்து. மிராசுதாருக்கும் அதே வியாதி, அதே பர்மிட். அவர் மகளை வக்கீலின் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தஞ்சு வருஷத்து ஒயின் என்று வக்கீல் அளந்துவிட, அப்படியானால் துரையிடம் இருந்த ஆளே வந்து சொல்லட்டும் என்று மிராசுதார் சொல்லிவிட்டார்.

"யோவ் லூர்து, இருபத்தொம்பதாம் வருஷத்து சரக்கு, அருமையா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடு. போதும்" என்றார் வக்கீல், காரை ஓட்டிக்கொண்டே.

"கெட்டுப்போனத நல்லதுன்னு நான் சொன்னதே இல்லிங்க."

"இன்னிக்குச் சொல்ற. இல்லன்னா அந்தப் பாட்டில் ஒன்னோடதுன்னு போலீஸுல சொல்லிடுவேன். எங்கிட்ட பர்மிட் இருக்கு. ஒங்கிட்ட என்ன இருக்கு? ஆறு மாசம் உள்ள போயிடுவ."

லூர்துசாமி பாட்டிலின் மேல் துண்டை இழுத்து மூடினார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆள். வீடு வாசல் கிடையாது. இருந்ததெல்லாம் அந்த மூக்கும், அதன் பேச்சுக்கு இருந்த மரியாதையும்தான். அது போனால்...

ஹ்ம். ஹ்ம். ஹ்ம்.

இடது காதோரம். சீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. ஈரக் கார்க்கின் வாடை. கூடவே மூக்குப்பொடியும் ஓடிகொலோனும் கலந்த ஒரு வாசனை...

"என்னய்யா, சளி புடிச்சிருக்கா?" என்றார் வக்கீல், திரும்பாமல்.

சிதம்பரத்தில் மேஜை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மிராசுதார், அவருடைய மைத்துனர், வக்கீல். லூர்துசாமி கார்க்கை எடுத்தார். வாடை குப்பென்று அடித்தது. வக்கீலின் கிளாஸில் ஒரு விரல் அளவு ஊற்றினார். வக்கீல் துரையைப் போலவே மூக்கை உறிஞ்சினார், கண்ணை மூடினார், நெடுநேரம் தலையசைத்தார். மற்றவர்களுக்கும் ஊற்றியாயிற்று. மிராசுதாரின் முகம் ஒரு கணம் கோணியது. ஆனால் பெரிய மனிதர் இல்லையா, விழுங்கிவிட்டு, பழைய சந்தன வாசனை வருகிறது என்றார். மைத்துனர் அது வில்வம் என்றார். இரண்டும்தான், தொண்டையில் இறங்கும்போது நாவல்பழம் தெரியும் என்று வக்கீல் தீர்ப்புச் சொன்னார். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அவ்வளவு புளிப்பு.

"நீ சொல்லுப்பா. ஒங்க துரை கட்டி வெச்ச சரக்குதானே? எப்படி இருக்கு?" என்றார் மிராசுதார்.

வக்கீல் முறைத்தார். லூர்துசாமி பாட்டிலை மேஜையில் வைத்தார். ஆறு மாசம்... காலிக் கிளாஸ் ஒன்றை எடுத்துத் துடைத்தார். நிமிர்ந்தார்.

"கெட்டுப்போச்சுங்க. நாலு நாள் மொட்ட மாடி வெயில்ல நின்ன சரக்கு. மாங்காயப் போட்டா ஊறுகா ஆவும். குடிக்க ஆவாது."

வக்கீல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். போலீஸைக் கூப்பிடப் போவதாக வாயைத் திறந்தார்.

அப்போது அறையின் மூலையில், யாருமே இல்லாத இடத்தில்...

தூ.

ணங் என்றது அங்கிருந்த படிக்கம். வெற்றிலை எச்சில் துப்புகிற வெண்கலப் படிக்கம். சாயங்காலம்தான் தேய்த்துக் கழுவி வைத்தது. மிராசுதார் மெழுகுவத்தியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு வாய் ஒயின். நுரை இன்னும் அடங்கவில்லை.

முதலில் ஓடியவர் வக்கீல். சம்பந்தி ஆக வேண்டியவரின் காலை மிதித்துக்கொண்டு ஓடினார். கார் கிளம்பிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. லூர்துசாமியை யாரும் நினைக்கவில்லை.

அவர் நடந்தார். வடக்கே, கடலூர் சாலையில். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வரும்போது நடுநிசி தாண்டியிருந்தது. கீழே தண்ணீர் நகரும் சத்தம்... சேற்று வாடை. துடைத்த கிளாஸ் இன்னும் கையில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஹ்ம். ஹ்ம். ஹ்ம்.

முதுகுக்குப் பின்னால். திரும்பினார். வெறும் பாலம்.

அவருக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது.

"எதுக்குத் தொடந்து வர்றீங்க, துரை? ஒங்க பேரக் காப்பாத்துனேன்னு மெச்சிக்கவா? ஒங்களுக்காவ சொல்லல. எம் மூக்குக்காவ சொன்னேன்."

காற்று நின்றது. தவளைச் சத்தமும் நின்றது.

"முப்பத்தோரு வருஷம் நின்னுக்கிட்டே ஊத்துனேன். ஒருநாளாவது, லூர்து, நீ ருசி பாத்துச் சொல்லுன்னு சொன்னீங்களா? அந்த வக்கீலுக்கும் ஒங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவன் பொய்யா தலையாட்டுறான், நீங்க நெசமா ஆட்டுனீங்க. ஆட்டுற தல எப்பவும் ஒங்களோடதுதான்."

பாலத்துக் கட்டைச் சுவரில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஆயுசிலேயே துரைக்கு எதிரில் முதல் தடவையாக உட்கார்ந்தார். கிளாஸை இருட்டுக்குள் நீட்டினார்.

"இன்னிக்கு நான் பாக்குறேன். ஊத்துங்க."

கிளாஸ் கனத்தது.

முகர்ந்தார். சந்தனமில்லை, நாவலில்லை... நல்ல ஒயின். முப்பது வருஷம் அசையாமல் படுத்திருந்த ஒயின். ஒரு வாய் வைத்தார். அவசரப்படாமல், வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். பிறகு, இருட்டைப் பார்த்து ஒரே ஒரு தரம், துரைத்தனமாக, தலையசைத்தார்.

கிளாஸ் மறுபடியும் கனத்தது. குடித்தார். மறுபடியும். விளிம்பு வரை வந்துவிட்டது. மேஜையில் உட்கார்ந்தவர்கள் போதும் என்று சொல்வதற்கு ஒரு வழி உண்டு. வாயால் சொல்ல மாட்டார்கள், கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடிவிடுவார்கள். ஊற்றுகிறவன் உடனே நிறுத்திவிட வேண்டும்.

லூர்துசாமி உள்ளங்கையால் மூடினார்.

கைக்கு அடியில்... கிளாஸ் இன்னும் கனத்துக்கொண்டே இருந்தது.