அறுபத்திரண்டு வீட்டு முகங்கள்

தலைமை ஏற்றுச் சபைக்குப் பெருமை சேர்த்திருக்கும் விஜயம் அம்மையார் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வேலைக் களைப்பையும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே! சாலைக் கடைத்தெருவில் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடிவந்த வணிகத் தோழர்களே! கரமனையின் இளைய கண்மணிகளே! இந்தத் தாணுவின் தலைதாழ்ந்த வணக்கம்!

வெற்றி விழாவில் வீரம் பேசுவார்கள். நான் என் குற்றத்தைப் பேச வந்திருக்கிறேன்.

நம் தெருச் சங்கத்தின் செயலாளர் நான். சென்ற ஆண்டு ஒரு மென்பொருள் நிறுவனம் வந்தது. தெருமுனையில் கேமரா, கைபேசியில் செயலி, எல்லாம் இலவசம் என்றது. அறுபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒற்றைக் கையெழுத்துப் போட்டேன். படித்தேனா? இல்லை! உங்களைக் கேட்டேனா? அதுவும் இல்லை!

அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து தப்பி, நம் தெருவில் குடியிருந்தார் ஒரு சகோதரி. என்ன ஐயா, பெயரா? சொல்ல மாட்டேன்! உடன்பிறந்தாரிடம்கூட முகவரி சொல்லாதவர் அவர். எட்டு மாதம் நிம்மதியாக இருந்தார். ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு வாசலில் வந்து நின்றான் அந்தக் கணவன்! அவன் கைபேசியில், காய்கறிப் பையோடு அவர் நம் தெருவில் நடந்துவரும் படம்! நம் முகங்களை அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அங்கே பழைய கல்யாணப் படத்தைக் கொடுத்துத் தேடினான். தெருவின் பெயரே வந்துவிட்டது.

அலறல் கேட்டு ஓடினோம். அதற்குள் அவனுக்கும் அவருக்கும் நடுவே புகுந்து மறித்து நின்றவர், இதோ, இந்த விஜயம் அம்மையார்! போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. உதட்டில் ரத்தத்தோடு அந்தச் சகோதரி என்னைக் கேட்டார்: “அண்ணாச்சி, எம் மொகத்த எடுத்துக் குடுக்க ஒங்களுக்கு ஆரு அதிகாரம் தந்தா?”

யார் தந்தது? யாரும் தரவில்லை தோழர்களே, நானே எடுத்துக்கொண்டேன்!

மறுநாளே கேமராவை நிறுத்தினோம். ஓர் அரசு அதிகாரி வந்தார். “கேமரா வேணும். படம் எங்க ஆபீஸுக்கும் வரணும். தப்பு செய்யாதவங்களுக்கு எந்தினு பயம், எதுக்குப் பயப்படணும்?” என்றார். நான் எழுந்து கைகட்டி நின்றேன். அம்மையார் எழவே இல்லை!

“முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருந்தவ சாரே நான். ஒருத்தர் பேசறத ஒட்டுக் கேளுன்னு மேலதிகாரி சொன்னார். ஆர்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோன்னேன். தரலை; நானும் ஒட்டுக் கேக்கலை. நீங்களும் எழுதித் தாங்கோ.”

எழுதினாரா? எழுதவில்லை! மறுபடி வந்தாரா? வரவில்லை! தட்டுங்கள், அம்மையாருக்காக நன்றாகத் தட்டுங்கள்!

பிறகு வழக்கறிஞர் ஸ்வப்னா வழக்குத் தொடுத்தார். “தாணு சம்மதித்தார்” என்று என் கையெழுத்தைக் காட்டியது நிறுவனம். கூண்டில் ஏறினேன். “என் முகத்துக்குத்தான் நான் சம்மதம் தர முடியும். மற்றவர்கள் முகத்தைத் தந்தது என் தவறு” என்றேன்.

இன்று காலை தீர்ப்பு! எல்லா முகங்களையும் அழிக்க வேண்டும்! யார் யாருக்கு விற்றார்கள் என்று பட்டியல் தர வேண்டும்!

நம் முகம் நமது! நம் பேச்சு நமது! நாம் போகும் வழியும் நமது! அரசு கேட்டால் சட்டத்தைக் காட்டிக் கேட்கட்டும்! நிறுவனம் கேட்டால் நம்மில் ஒவ்வொருவரையும் கேட்கட்டும்!

தீர்ப்பைச் சொல்ல அந்தச் சகோதரியைத் தேடிப் போனேன். வீடு மாறிவிட்டாராம். எங்கே என்று ஸ்வப்னாவிடம் கேட்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். “ஜெயிச்சாச்சுன்னு சொல்லிருங்கம்மா” என்றேன், அவ்வளவுதான். அவர் இப்போது எங்கே இருக்கிறார்? எனக்குத் தெரியாது! ஒன்று தெரியாமல் இருப்பதில் இத்தனை மகிழ்ச்சி உண்டென்று இன்றுதான் கண்டேன்!

என் குற்றத்தையும் பொறுமையாகக் கேட்ட உங்கள் நல்ல மனங்களுக்கு நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்!