எட்மண்டின் வண்டிக்கு இரண்டு விளக்கு

மோட்டார் சைக்கிளில் கூடுதலாக இரண்டு விளக்கு பொருத்துவது பெரிய வேலை இல்லை ஐயா. நிதானமாகச் செய்தால் அரை நாள் போதும். விளக்கைத் தாங்க ஒரு பட்டை இரும்பு, நாலு போல்ட், மூன்று கஜம் ஒயர், ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ். கை நடுங்காத யாரும் செய்யலாம். எனக்குக் கை நடுங்காது. நீங்கள் கன்னடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், எனக்குப் படிக்க வரும். எங்கேயாவது பிசகினால் சொல்கிறேன்.

என் பெயர் தம்மபாலன். அப்பா அப்பாதுரை, தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவர். அவர் போன வருஷமே என்னைச் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து லேம்ப் ரூமில் வேலைக்கு எடுத்தார்கள். கீழே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் தொப்பியில் மாட்டுகிற விளக்கைக் கொடுப்பது, ஷிப்ட் முடிந்ததும் திரும்ப வாங்கி சார்ஜில் போடுவது, பழுது பார்ப்பது. இருபத்தேழு வருஷமாக இதுதான். விளக்கைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் பலருக்குத் தெரியாது. இருட்டைப் பற்றியும் தெரியும். கீழே நடந்து போய்க்கொண்டிருக்கும்போது ஒருவன் விளக்கு பட்டென்று அணைந்தால், அவன் அங்கேயே நிற்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நிற்க மாட்டான். கால் தன்பாட்டுக்கு இரண்டு அடி போய்விடும். வெளிச்சம் எவ்வளவு பலமாக இருந்ததோ அவ்வளவுக்குக் கண் குருடாகும். இது அனுபவத்தில் தெரிந்துகொண்டது.

வீட்டில் நானும் தங்கச்சி சுலோச்சனாவும்தான். அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. தலை வாரிப் பின்னல் போட நான்தான் கற்றுக்கொண்டேன். எனக்குப் பெண் பார்க்க வந்தார்கள். வருகிறவள் சின்னப் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வாளோ என்று வேண்டாம் என்றுவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது கதவுக்குள்ளே ஒரு ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டால் போதும். அது கேட்காத வீட்டில் நான் இருந்ததில்லை.

எட்மண்ட் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது அறுபத்து நாலில். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டை ஓட்டுகிற வைண்டிங் இன்ஜின் டிரைவர். கிறிஸ்தவப் பையன், என்னைவிடப் பத்து வயது இளையவன். கம்பெனியை விட்டுப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய பி.எஸ்.ஏ. வண்டி வைத்திருந்தான். லீவு கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவான். மைசூர், ஊட்டி, ஒரு தடவை கன்னியாகுமரி வரைக்கும். டைனமோ சரியாக இல்லை என்று என்னிடம் கொண்டுவந்தான். சரிபண்ணிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வருவான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாண்ணா, இன்னா பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவான். எங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் வந்ததில்லை. ஒரு முறை என்னைப் பின்னால் உட்காரவைத்து ஏற்காட்டுக்கு அழைத்துப்போனான். அவன் அக்கா வீட்டுக்காரர் அங்கே காப்பி எஸ்டேட்டில் இருந்தார். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் அவன் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் ஊர் பார்க்கப் போன ஒரே பயணம் அதுதான்.

மூன்று வருஷம் அவன் என்னைப் பார்க்கத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தேழு ஜனவரியில் ஒரு நாள் அவன் உட்காராமலே நின்றான். "ண்ணா, ஏற்காட்டு எஸ்டேட்டுல எனக்கு வேலை கெடச்சிருக்கு. வீடும் குடுக்கறாங்க. சுலோவ எனக்குக் கட்டிக் குடுங்க. மே மாசத்துல வெச்சிக்கலாம்" என்றான். சுலோச்சனா சமையல்கட்டில் பாத்திரத்தை உருட்டாமல் அமைதியாக இருந்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அந்த அமைதியில் எனக்குத் தெரிந்தது. நான் சரி என்றேன். பிறகு நடந்ததற்கு மதம் ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நாங்கள் புத்தரைக் கும்பிடுகிறவர்கள், அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் நல்லவன். என் தங்கச்சிக்கு அவனைவிட நல்லவன் கிடைத்திருக்க மாட்டான். இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முன் அந்த எஸ்டேட் வீட்டைப் பார்த்து, வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று பிப்ரவரியில் கிளம்பினான். அதற்காகத்தான் விளக்கு. பெங்களூரில் பழைய சாமான் கடையில் மஞ்சள் கண்ணாடி போட்ட இரண்டு கார் விளக்கு வாங்கிவந்தான். "மலையில பனி எறங்கிடுதுண்ணா. இருக்கற லைட்டு பத்தல" என்றான்.

ஒரு நாள் காலையில் வாசலில் வைத்துப் பொருத்தினேன். ஹெட்லைட்டுக்குக் கீழே பட்டை இரும்பை வளைத்து மாட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கிடைத்ததிலேயே பலமான பல்பாகப் போட்டேன். ஆறு வோல்ட் வண்டிக்கு அது அதிகம். நேர் ரோட்டில் போட்டுக்கொண்டு போனால் பேட்டரி இறங்கிவிடும். அதனால், "சமவெளியில இத போடாத. மலை ஏறச்சொல்ல மட்டும் போடு" என்று சொன்னேன். எந்த எலக்ட்ரிசியனும் அதைத்தான் சொல்வான். ஹெட்லைட்டுக்கு இருந்த தனி ஒயரை எடுத்துவிட்டு, மூன்று விளக்கையும் ஒரே ஒயரில், ஒரே ஃபியூஸில் சேர்த்தேன். பார்க்கச் சுத்தமாக இருக்கும். அன்றைக்கு அதற்கு மேல் என் மனசில் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம், சுரங்கக் கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தோம். மேடு முழுக்கச் சரிவு சரிவாகத் தெரிந்தது. எட்மண்ட் சிரித்தான். "ண்ணா, பகல் மாதிரி கீது" என்றான். என் தோளில் கை போட்டான். "நீங்களும் எங்ககூட ஏற்காட்டுக்கு வந்துடுங்கண்ணா. எதுக்கு இங்க தனியா?" என்றான். மரியாதைக்குச் சொல்கிற சொல் அது. இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கல்யாணத்துக்கு முன்னால் எல்லா மாப்பிள்ளைகளும் அதைச் சொல்வார்கள்.

மறுநாள் காலை அவன் கிளம்பினான். சுலோச்சனா டீ போட்டுக் கொடுத்தாள். உள்ளே அவன் குடித்துக்கொண்டிருந்தபோது நான் வாசலில் விளக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அப்போதுதான் பேனாக்கத்தியால் ஒயரின் உறையை ஒரு அங்குலம் சீவினேன். ஹேண்டில் பார் திரும்புகிற கழுத்து இருக்கிறதே, அந்த இடத்தில். நேராகப் போனால் ஒன்றும் ஆகாது. விளக்கு போடாமல் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. விளக்கு எரிகிறபோது ஹேண்டிலை வலது பக்கம் முழுக்க ஒடித்தால், வெறும் செம்பு போய் இரும்பில் படும். ஃபியூஸ் போய்விடும். மூன்று விளக்கும் ஒன்றாக அணையும். ஆனால் இன்ஜின் நிற்காது. அந்த வண்டிக்கு மேக்னெட்டோ, பேட்டரி இல்லாமலும் ஓடும்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தான். "இன்னா சுலோ, எதுனா வாங்கியாரணுமா?" என்றான்.

"ஒண்ணும் வேணாம். சீக்கிரம் வந்துடுங்க. அது போதும்" என்றாள்.

நான் சொன்னேன்: "வெயில்ல மலை ஏறாத எட்மண்டு. பழைய இன்ஜின், சூடாயிடும். சேலத்துல படுத்து எழுந்துட்டு, பொழுது சாஞ்சப்புறம் ஏறு. அதான் லைட்டு கீதே."

"சரிண்ணா" என்றான். நான் சொன்னதை அவன் எப்போதும் கேட்பான்.

அவன் போனதும் சுலோச்சனா கேட்டாள்: "ண்ணா, வண்டி எல்லாம் சரியா கீதா?" கீது என்றேன். சேலத்துக்கு நூற்றிருபது மைல். ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்ப் போஸ்ட் ஆபீசில் அவன் அக்கா வீட்டுக்கு ஒரு தந்தி கொடுத்திருந்தால், அக்கா வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி வந்து அவனை நிறுத்தியிருப்பார். பகல் முழுக்க நேரம் இருந்தது. நான் லேம்ப் ரூமுக்குப் போனேன். அன்றைக்கு விளக்குகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

ஏழாவது வளைவில், விடிந்த பிறகு எஸ்டேட் ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். எண்பது அடி கீழே. அவன் தம்பி சிரிலும் நானும்தான் போய் எடுத்துவந்தோம். அங்கிருந்த போலீஸ்காரர்கள் நல்லவர்கள். வண்டியைப் பார்க்கவேண்டும் என்றேன், விட்டார்கள். எல்லாம் பிய்ந்து கிடந்தது. கழுத்துப் பக்கம் ஒரு சாண் ஒயரை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. இதோ, இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. வெட்டுப்பட்ட உறையும் கருகிய செம்பும் இன்னும் தெரியும். திரும்பி வரும்போது சிரில் அழுதுகொண்டே, "நீங்க எவ்ளோ ஆசையா போட்டுக் குடுத்தீங்கண்ணா அந்த லைட்ட" என்றான். ஆமாம் என்றேன். பொய் இல்லை அது.

சுலோச்சனா அழவில்லை. பத்து நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் சீக்கிரம் வாங்கன்னு சொன்னன்ல, அதான் இருட்டுல ஏறியிருக்காரு. என்னாலதான்." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். அப்படியே ஆறு வருஷம். அவளைக் கேட்டு வேறு இடம் வந்தது, அவள் வேண்டாம் என்றாள். பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக மாட்டாள். சமைப்பாள், துவைப்பாள், நான் வரும்போது உள்ளே நடமாடுகிற சத்தம் கேட்கும். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. சில நாள் "சாப்பிடுங்க" என்பது ஒன்றுதான் நாங்கள் பேசிய பேச்சு. ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தும் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் இருந்தாள்.

போன வாரம் அவளுக்குக் கடிதம் வந்தது. வேலூரில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் வார்டன் வேலை. எனக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருக்கிறாள். "இங்கயே இருந்தா அவர நான்தான் கொன்னன்னு தோணிக்கினே கீதுண்ணா. எங்கனா போயிட்டா மூச்சு விடலாம்" என்றாள். நான் எப்படி இருப்பேன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "இருப்பீங்க" என்றாள். நேற்றுக் காலை பஸ் ஏறிப் போய்விட்டாள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து, கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தேன். ராத்திரி லேம்ப் ரூமிலேயே படுத்துக்கொண்டேன். காலையில் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எனக்கு மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். உறுத்தாமலா வந்திருப்பேன். பாவம், செய்யாத கொலையை ஆறு வருஷமாக அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். அதை இறக்கிவைக்கத்தான் வந்தேன். எட்மண்டை நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன், வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

நடந்தது சேலம் ஜில்லாவில் என்பதால் அந்தப் பக்கத்துப் போலீசிடம்தான் என்னை ஒப்படைப்பீர்கள் என்றீர்கள். அது தெரியும் ஐயா, விசாரித்துக்கொண்டுதான் வந்தேன். நீண்ட தண்டனைக்காரர்களை அவர்கள் வேலூர் ஜெயிலில் வைப்பார்கள் என்று சொன்னார்கள். அவள் விடுதியிலிருந்து ஜெயிலுக்கு நடந்தே வந்துவிடலாமாம். மாதத்துக்கு எத்தனை தடவை பார்க்க விடுவார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். புது ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அவளுக்கும் ஒரு ஆள் வேண்டும் அல்லவா.