நாற்பத்தேழாவது கதவு

மணி அலறியபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும். துருவலைத் தட்டுப்போட்டு மூடிவிட்டுத்தான் எழுந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எலித் தொல்லை அதிகம், ஐயா.

அது மழைமானியில் இருக்கிற மணி. மழை அளவு மீறினால் தானாக அடிக்கும். நான் தோட்டத் தலைவர் என்பதால், பதுளையிலிருந்து வந்த அதிகாரிகள் அதை என் வீட்டில் பொருத்தி, வீட்டுக்காரர் பெயர்கள் எழுதிய ஓர் இடாப்பும் தந்தார்கள். மணி அடித்தால் நாற்பத்தேழு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சொன்ன வீட்டுக்கு நேரே சரி போட வேண்டும். எல்லோரும் கீழே பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும். விசாரணைக்கு உங்கள் மேசையில் இருப்பது அந்த இடாப்புதான். நாற்பத்தேழு சரியும் நான் போட்டவை.

அந்த மழைமானி எங்களுக்குக் கிடைத்ததே சுபாஜினி எழுதிய கடிதத்தால். அதை நான் மறைக்கவில்லை.

தாய் தகப்பன் இல்லாத பெண். தெமோதரைக் கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள். கோயிலுக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது என்று எங்களிடம் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை எங்களிடம் சொல்லவில்லை, அதிகாரிகளுக்கு எழுதினாள். அவர்கள் வந்து பார்த்து, அந்தச் சரிவில் இனி ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்று கோயில் வேலையை நிறுத்திவிட்டார்கள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்திருந்தோம்.

ஊர்க்கூட்டம் போட்டோம். கோயில் கமிட்டி அழகையாதான் முதலில் கேட்டார்.

"ஏம்மா, மலைக்குக் காச்சல்னு மேல கடுதாசி போட்டியாமே? மருந்து குடுத்தாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள்.

"காச்சல் இல்லண்ணே, வெடிப்பு. கைய விட்டுப் பாருங்க, முழங்கை வரைக்கும் போகுது."

"ஆத்தா காப்பாத்துவா. நீ அவ கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு, போதும்."

"ஆத்தா மேல எனக்கு ஒரு கோவமும் இல்லண்ணே. அவளையும் சேத்துத்தான் எறக்கிக் கொண்டு போகச் சொல்றேன்."

அந்தச் சொல்லை யாராலும் தாங்க முடியவில்லை. அவளை ஒதுக்கி வைப்பதா என்று நான் கேட்டேன். நூற்றுப் பன்னிரண்டு கை எழுந்தது. வேண்டாம் என்று ஒரே கை, அது அவளுடையது. அன்றிலிருந்து அவளோடு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடித்த பிறகுதான் அவள் பிடிக்கலாம். பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்கள் அவளோடு ஒரே சுவரில் இருக்கவும் விரும்பவில்லை. அதனால் மேலே மூடிக்கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவுக்குத் தையல் மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் ஒருகாலத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம் அது. அங்கிருந்து பார்த்தால் லயம் தெரியாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் வேறொன்றும் கேட்காது. மழைக்கு அவள் பயப்படவில்லை. மணி அடித்தால் தலைவர் வந்து சொல்வார் என்று அதிகாரிகள் அவளிடமும் சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாதம் நான் அவளோடு பேசவில்லை. வழியில் எதிரே வந்து "அண்ணே" என்பாள். நான் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். ஊர் எடுத்த முடிவை ஊர்த் தலைவனே மீறினால் அப்புறம் ஊர் எதற்கு?

அன்று நாற்பத்தாறு கதவைத் தட்டினேன். அரை மணி நேரத்தில் லயம் காலியானது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியாயியை நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பிறகு நான் ஒருவனாக மேலே ஏறினேன். கோயிலைக் கடக்கும்போது வெடிப்பிலிருந்து செம்மண் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஏறும்போது ஒன்றை யோசித்தேன். இவளும் பாடசாலைக்கு வந்து எங்கள் நடுவில் உட்காருவாள். மலை இறங்கினால் நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அது எனக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருப்பாள். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்து பாடசாலையில் ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்து முடித்தபோது மலை இறங்கியது. கோயில் போனது, பிள்ளைக் காம்பரா போனது. லயத்தில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. "கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றாள்" என்று சொன்னேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. "அவ எப்பவும் அப்படித்தானே, ஊரு ஒரு பக்கம்னா அவ ஒரு பக்கம்" என்று அழகையா உங்கள் ஆட்களிடமே சொன்னார்.

இப்போது காற்று மாறிவிட்டது. மண்மேட்டில் அவளுக்கு விளக்கு வைக்கிறார்கள். அன்று கை தூக்கியவர்களைத் தேடினால் ஒருவரும் இல்லை. எல்லோரும் சேர்ந்து கட்டிய கட்டுப்பாட்டைக் காப்பாற்றியது நான் ஒருவன்தான். அதற்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பேசக் கூடாது என்பது கட்டுப்பாடு என்றால், அவள் பெயருக்கு நேரே எப்படிச் சரி போட்டாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் பொய்யாகச் சரி போடுகிறவன் இல்லை, ஐயா. அவள் கதவைத் திறந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு தன் வாசலில் ஓர் ஆளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கையில் ஊசியும் நூலும் இருந்தன. "மணி அடிச்சிச்சாண்ணே?" என்று கேட்டாள்.

அந்த ஒரு தடவைதான் கட்டுப்பாட்டை மீறினேன்.

"இல்ல தங்கச்சி," என்றேன். "நீ உள்ள போய்த் தையி."